மலேசியாவில் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியைக் காணச் செல்லும் செட்டிநாட்டாருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கங்களில் மலேசியாவோடு உறவோ தொழில் தொடர்போ இல்லாத வீடுகள் குறைவு. கல்யாணம், தைப்பூசம், பேரப்பிள்ளை பிறப்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக அங்கே போகிறவர்களில் சிலர், அப்படியே ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன.

1. ராஜா புரூக், ராஜா புரூக் என்கிறீர்களே, அப்படி என்ன பூச்சி அது?

மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகியவற்றின் மழைக்காடுகளிலும் அவற்றை ஒட்டிய சில தீவுகளிலும் மட்டுமே வாழும் வண்ணத்துப்பூச்சி இது. பேர்ட்விங் என்று அழைக்கப்படும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் வகையைச் சேர்ந்தது. திரோகோனோப்டெரா புரூக்கியானா என்பது அறிவியல் பெயர். இறக்கையை விரித்தால் 15 முதல் 17 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஓர் ஆத்தங்குடிக் கல்லின் மேல் வைத்தால், கல்லின் ஓரம் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆணின் இறக்கை நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில், முன்னிறக்கையின் நீளத்துக்கும் பளபளக்கும் பச்சைக் கூர்முக்கோணங்கள் வரிசையாக அமைந்திருக்கும். கழுத்தில் இரத்தச் சிவப்பில் ஒரு பட்டை இருக்கும். மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி என்று சொல்லப்படுவது இதுதான்.

ஆங்கிலேயரான ஜேம்ஸ் புரூக் 1841இல் சரவாக்கின் ராஜாவானார். அவருடைய ஆட்சிக்காலத்தில் சரவாக்கில் தங்கிப் பூச்சிகளைச் சேகரித்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், 1855இல் இந்த இனத்தை விவரித்து அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்.

2. நம் ஊர்ப் பக்கம் இது கிடையவே கிடையாதா? எங்கள் தோட்டத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒன்று வருகிறதே?

கிடையாது. இந்தப் பேரினத்தில் உலகம் முழுவதும் இரண்டே இனங்கள்தாம் உள்ளன. மற்றொன்று பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் மட்டும் வாழ்கிறது. உங்கள் தோட்டத்துக்கு வருவது பெரும்பாலும் கிரிம்சன் ரோஸாகவோ காமன் ரோஸாகவோ இருக்கும். இரண்டுக்கும் உடல் சிவப்பு, இறக்கை கறுப்பு.

அவை ராஜா புரூக்குக்குத் தூரத்து உறவு. நம் வயல் ஓரங்களில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையின் இலைதான் அந்த ரோஸ்களின் புழுக்களுக்கு உணவு. ராஜா புரூக்கின் புழு தின்பதும் அதே அரிஸ்டோலோக்கியா குடும்பத்துக் காட்டுக்கொடிகளைத்தான். ஆடு தீண்டாத அந்தச் செடியின் நச்சுப்பொருளை இவை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகளும் இவற்றைத் தொடத் தயங்குகின்றன. கறுப்பும் சிவப்புமான அந்த உடை ஓர் எச்சரிக்கை. பயணத்துக்கு முன் ஒரு கிரிம்சன் ரோஸின் பின்னால் கேமராவுடன் அரைமணி நேரம் அலைந்து பார்ப்பது நல்ல பயிற்சி.

3. கோலாலம்பூரில் இறங்கியதும் பார்த்துவிட முடியுமா? எங்கேதான் போக வேண்டும்?

கோலாலம்பூரிலும், பினாங்கின் தெலுக் பஹாங்கிலும், கேமரன் மலையிலும் வண்ணத்துப்பூச்சித் தோட்டங்கள் உள்ளன. அங்கே வலைக்கூரைக்குள் இந்தப் பூச்சியைப் பார்க்க வாய்ப்பு உண்டு. காட்டில், அதன் போக்கில் பார்க்க விரும்பினால் பேராக் மாநிலத்துக்குப் போக வேண்டும். ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து மலையடிவாரத்துக்குள் குறுகலான சாலையில் ஏறிச் சென்றால் உலு கெரோ என்ற, ஒராங் அஸ்லி எனப்படும் பழங்குடியினரின் கிராமம் வரும். நான் யாருக்கும் முதலில் சொல்லும் இடம் அதுதான். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் உள்ள கோல வோ என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதியும் இந்தப் பூச்சிக்குப் பெயர்பெற்றது.

உலு கெரோவை முதலில் சொல்வதற்குக் காரணம் அங்கே உள்ள ஏற்பாடு. அங்கு வாழ்பவர்கள் செமாய் பழங்குடியினர். ஒரு காலத்தில் இந்தப் பூச்சிகளைப் பிடித்து விற்று வந்தவர்கள், மலேசிய இயற்கைக் கழகத்தின் துணையோடு வழிகாட்டிகளாக மாறினார்கள். எந்த ஓடைக்கரையில் எந்த நேரத்தில் வெயில் விழும் என்பதை அவர்கள் அறிவதுபோல வேறு எவரும் அறியமாட்டார்கள். பருவம் கூடிவந்தால் உலகின் மிகப் பெரிய பூ வகையான ரஃப்லீசியாவையும் அதே காட்டில் காட்டுவார்கள். பூ மலர்ந்து சில நாள்களிலேயே அழுகிவிடும் என்பதால் அதற்கு யாராலும் உறுதி தர முடியாது.

4. பண்ணையிலேயே பார்த்துவிடலாம் என்றால் காட்டுக்கு எதற்கு அலைய வேண்டும்?

குழந்தைகளுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பண்ணை நல்ல இடம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பண்ணையில் நீங்கள் பார்ப்பது பூவில் தேன் குடிக்கும் ஒற்றைப் பூச்சியை. காட்டில் காணக் கிடைப்பது ஈரமண்ணில் கூட்டமாக இறங்கி உட்கார்ந்திருக்கும் ஆண்களை. இந்தப் பூச்சியைத் தேடி வெளிநாடுகளிலிருந்து மக்கள் வருவது அந்தக் காட்சிக்காகத்தான்.

5. ஏன் மண்ணில் வந்து உட்காருகின்றன? பூவில்தானே தேன் இருக்கிறது?

இதற்கான பதிலைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகள் தேவைப்படாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தேனில் சர்க்கரை உண்டு, உப்பு மிகக் குறைவு. புழுவாக இருந்தபோது தின்ற இலையிலும் சோடியம் குறைவு. ஆண் பூச்சி இந்தக் குறையை ஈரமண்ணிலிருந்து ஈடுகட்டுகிறது. அப்படிச் சேர்த்த உப்பின் ஒரு பகுதி இணை சேரும்போது பெண்ணுக்குப் போய், முட்டைகளுக்குப் பயன்படுகிறது. ஆகையால் மண்ணில் காணப்படுபவை ஏறக்குறைய எல்லாமே ஆண்களாக இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நம் ஊருணிக் கரைச் சேற்றில் மஞ்சள் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இதுவே. பூச்சி பார்ப்பவர்கள் இதை மட் பட்லிங் என்பார்கள்.

ராஜா புரூக்குக்கு எந்த ஈரமண்ணும் போதாது. தாது உப்பு ஊறி வரும் கசிவுகளையும் வெந்நீர் ஊற்றுகளின் ஓரங்களையும் அது தேடி வருகிறது. அருகிலிருந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: மெல்லிய உறிஞ்சுகுழல் சேற்றுக்குள் இறங்கியிருக்க, உடலின் பின்நுனியிலிருந்து சிறு துளிகள் விட்டுவிட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் அதற்கு வேண்டியதில்லை. அதில் கரைந்த உப்பை வடித்துக்கொண்டு மிச்சத்தை வெளியே பீய்ச்சிவிடுகிறது. இந்த வேலையில் ஆழ்ந்திருக்கும்போது அது எளிதில் இடத்தை விட்டு எழாது. நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்த நேரந்தான்.

6. அப்படியானால் நாமே உப்புத் தண்ணீரைத் தெளித்து வரவழைக்கலாமே? சிலர் சிறுநீர் கழித்து வைத்தால் வரும் என்றுகூடச் சொல்கிறார்களே?

சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சிறுநீரில் உப்பு இருப்பதால் வண்ணத்துப்பூச்சிகள் அதை நாடும். ஆனாலும் செய்யாதீர்கள். அது ஒரு கிராமத்து மக்களின் ஓடைக்கரை. அங்கே எதைத் தெளிக்கலாம், எதைத் தெளிக்கக் கூடாது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். மேலும், தனி உப்பைக் கொட்டினால் கரையில் உள்ள செடி கருகும். இயற்கையான கசிவு இருக்கும் இடத்தில் இந்த உத்திக்குத் தேவையும் இல்லை. ஏற்கெனவே ஓர் ஆண் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அடுத்தது இறங்குகிறது. ஆகவே இறங்கிய முதல் பூச்சியைக் கலைக்காமல் இருப்பதே போதுமான அழைப்பு.

7. எந்த மாதம் போவது நல்லது? தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறோம், அப்போதே பார்த்துவிட முடியுமா?

முடியும். இந்த இனம் ஆண்டு முழுவதும் பறக்கிறது. நம் ஊரைப்போல ஒரு பருவத்தில் தோன்றி மறையும் பூச்சி அன்று. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடுதல்; சனவரி, பிப்ரவரி மாதங்களும் சூன், சூலை மாதங்களும் ஒப்பளவில் வறண்டவை. தைப்பூசம் விழுவது அந்த வறண்ட காலத்தில்தான். மழை மாதங்களிலும் மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால் காலைப்பொழுது வீணாகிவிடுவதில்லை. மாதத்தைப் பார்ப்பதைவிட அன்றைய வெயிலைப் பார்ப்பதே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போய்க் கோவில் வீட்டுக்குத் திரும்பும் வரை பினாங்குச் சாலைகள் நெருக்கியடிக்கும். அந்த நாள்களில் வேறு திட்டம் வைக்க வேண்டாம். எல்லாம் முடிந்த பின் பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் ஈப்போவுக்குப் போய் அங்கே தங்குவது வசதி. பினாங்கிலிருந்து அதிகாலையில் கிளம்பி அன்றே பார்த்துத் திரும்பும் திட்டம் காகிதத்தில் சரியாக இருக்கும். அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்தால் அது ஏன் சறுக்கும் என்பது விளங்கும்.

8. எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணிக்குள். அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சூரியன் உதிக்கவே ஏழு மணி கடந்துவிடும். பள்ளத்தாக்கின் ஓடைக்கரையில் வெயில் விழ இன்னும் நேரமாகும். வெயில் மண்ணைத் தொட்டுச் சூடாக்கத் தொடங்கியதும் ஒன்றிரண்டாக இறங்கும். நண்பகல் வரை நல்ல நேரம். பிற்பகலில் மேகம் திரண்டுவிட்டால் மரவுச்சிகளுக்குப் போய்விடும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஈப்போவில் உறவினர் வீட்டில் தங்கினால், பலகாரமும் காப்பியும் முடியாமல் யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். பிறகு, போகும் வழிதானே என்று பத்து காஜாவில் உள்ள கெல்லி மாளிகையைக் காட்டுவார்கள். அந்த மாளிகையை எழுப்பியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது, அருகே அவர்களுக்காகக் கட்டப்பட்ட கோயிலும் இருக்கிறது. கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், ஆனால் பிற்பகலில். அது முடிக்கப்படாத பழைய கட்டடம்; எந்த நேரத்திலும் அங்கேயே நிற்கும். முதல் நாள் இரவே அத்தையிடமோ ஆச்சியிடமோ, காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தந்துவிடும்படி சொல்லி வைத்துவிடுங்கள்.

9. விசா, விமானம், செலவு பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சென்று இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. அங்கிருந்து ஈப்போவுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். உலு கெரோ வழிகாட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து, கட்டணத்தை ரிங்கிட் நோட்டாகக் கையில் வைத்திருங்கள். காட்டுக் கிராமத்தில் அட்டையை நீட்ட முடியாது.

10. எங்கள் ஆயாவுக்கு எழுபது வயதாகிறது. அவரும் வர வேண்டும் என்கிறார். அழைத்துப் போகலாமா?

வழுக்கும் பாதையில் ஏறி இறங்க முடிந்தவர் என்றால் அழைத்துப் போகலாம். எத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பது அன்று பூச்சி எந்தக் கசிவில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே ஆயாவின் நிலையை வழிகாட்டியிடம் முன்னரே சொல்லிவிடுங்கள், அருகில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பார். முழங்கால் வலி உள்ளவரானால் நான்காம் கேள்வியில் சொன்ன பண்ணையே சரி. புடவையைவிடச் சுடிதார் நல்லது. ஈரக்காட்டில் அட்டை ஏறும் என்பதால் நீளமான காலுறை கட்டாயம். அட்டை கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டால் போதும்.

11. சரவாக் ராஜாவின் பெயரைக் கொண்ட பூச்சிக்குச் சரவாக்குக்குத்தானே போக வேண்டும்? நீங்கள் பேராக்குக்கு அனுப்புகிறீர்களே?

வாலஸுக்குக் கிடைத்தது சரவாக்கில் என்பது உண்மைதான். அங்குள்ள முலு தேசியப் பூங்காவில் இன்றும் இதைப் பார்க்கிறார்கள். ஆனால் போர்னியோவில் ஒன்றும் இரண்டுமாகவே தென்படுகின்றன; ஆண்கள் பெருங்கூட்டமாக மண்ணில் இறங்கும் வழக்கம் தீபகற்பத்தில்தான் மிகுதி. தீபகற்பத்தில் உள்ளவற்றை அல்பெசென்ஸ் என்று தனித் துணையினமாகவே பிரித்திருக்கிறார்கள்.

பயண வசதியையும் எண்ணிப் பாருங்கள். சரவாக்குக்கு மறுபடியும் விமானம் ஏற வேண்டும். மலேசியாவுக்குள் இருந்தாலும் அதற்கெனத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. குகைகளுக்காக முலுவுக்குப் போகிறீர்கள் என்றால் போய் வாருங்கள். பூச்சி தென்பட்டால் உபரி.

12. பார்த்தது ராஜா புரூக்தான் என்று எப்படி உறுதி செய்வது?

ஆணைப் பொறுத்தவரை வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் பச்சையாக எது பறந்தாலும் அதுதான் என்று குதிக்கிறார்கள். அதே ஈரமண்ணில் நீலமும் பச்சையும் கலந்த பட்டையோடு காமன் புளூபாட்டில் போன்ற பூச்சிகளும் கூட்டமாக உட்காரும். அவை உருவத்தில் பாதிகூட இருக்காது, இறக்கையைப் படபடவென அடிக்கும். ராஜா புரூக்கின் முன்னிறக்கை நீண்டு ஒடுங்கியது. பறப்பில் ஓர் இழுப்பும் மிதப்பும் இருக்கும். பின்னிறக்கையில் பளிச்சென்ற மஞ்சள் தெரிந்தால் அது வேறு பேர்ட்விங், அதுவும் பார்க்கத்தக்கதே.

13. எல்லாரும் ஆண் பூச்சியின் படத்தையே போடுகிறார்களே, பெண் எப்படி இருக்கும்?

ஐந்தாம் கேள்வியில் சொன்னதுதான் காரணம்: பெண்ணுக்கு மண்ணில் வேலை இல்லை. அது மரவுச்சிகளில் பூத்திருக்கும் கொடிகளிலும், முட்டையிடுவதற்கான அரிஸ்டோலோக்கியாவைத் தேடியும் பறந்துகொண்டிருக்கும். பழுப்பு கலந்த நிறம், மங்கலான பச்சை, முன்னிறக்கை நுனியில் வெள்ளைத் திட்டுகள். காட்டில் பெண்ணைத் தெளிவாகப் பார்த்தவர்கள் ஆணைப் பார்த்தவர்களைவிட மிகக் குறைவு. பெண்ணைக் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவருக்குப் பண்ணையே நல்ல வழி. கூடத்தில் பேசும்போது ஆணின் பச்சையைப் பற்றியே பேசுகிறோம்; எனக்கென்னவோ பெண்ணின் அந்த வெள்ளைத் திட்டுதான் அழகாகத் தோன்றுகிறது.

14. செல்போனில் படம் வருமா? பெரிய கேமரா இல்லை.

வரும். உப்பு உறிஞ்சிக்கொண்டிருக்கும் ஆண், நீங்கள் உட்கார்ந்தபடியே மெல்ல நகர்ந்து வந்தால் ஓரிரு மீட்டர் தூரம் வரை பொறுத்துக்கொள்ளும். நின்றபடி குனிந்தால் உங்கள் நிழல் அதன் மேல் விழும், உடனே எழுந்துவிடும். எழுந்தாலும் துரத்தாதீர்கள். அப்படியே அசையாமல் இருந்தால் பெரும்பாலும் அதே ஈரத்துக்குத் திரும்பி வரும். படத்தைவிடக் காணொளி எடுப்பது நல்லது. பிறகு அதிலிருந்து ஒரு நொடியைப் பிரித்துக்கொள்ளலாம். கேமரா வைத்திருப்பவர்கள் பறக்கும் பூச்சிக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமான ஷட்டரைப் பயன்படுத்துங்கள்.

பச்சை சரியாக வரவில்லை என்று பலர் வருந்துகிறார்கள். அந்தப் பச்சை சாயத்தால் மட்டும் உண்டானதன்று. இறக்கைச் செதில்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதாலும், செதிலில் உள்ள நிறமி ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுவதாலும் உண்டாவது. ஆகவே பார்க்கும் கோணம் மாறினால் பச்சையின் தோற்றமும் மாறும். நேர் மேலிருந்து ஒரு படம், தரையோடு தரையாகப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் என்று எடுத்துப் பாருங்கள்; இரண்டும் வேறு பூச்சிகளைப்போல வரும். ஃபிளாஷ் வேண்டாம்.

15. சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நின்றும் ஒன்றுகூட வரவில்லை. வழிகாட்டி ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்ற அவருக்கு என்ன இருக்கிறது? முதல் நாள் இரவு பெருமழை பெய்து கசிவுகள் கரைந்து போயிருக்கலாம். காலை மேகமூட்டமாக இருந்திருக்கலாம். உங்களுக்கு முன்னால் வந்த கூட்டம் கரையை மிதித்துக் கலைத்திருக்கலாம். நாளைக் கூட்டுவதுதான் ஒரே மருந்து. இதற்கென ஒரு காலையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு போகிறவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பிப் போகிறார்கள். இரண்டு காலைகளை ஒதுக்கி, முதல் நாள் பார்த்துவிட்டால் இரண்டாம் நாளை ஈப்போவின் குகைக்கோயில்களுக்குக் கொடுத்துவிடலாம்.

பூச்சி வராததற்காகக் கட்டணத்தைக் குறைக்கும்படி பேரம் பேசாதீர்கள். அந்தக் காடு மரத்துக்கு வெட்டப்படாமலும் பூச்சிகள் பிடிபடாமலும் இருப்பதற்கு இந்த வருமானமும் ஒரு காரணம்.

16. கடைகளில் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து விற்கிறார்களே, நினைவுக்காக ஒன்று வாங்கி வரலாமா?

வேண்டாம். அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ராஜா புரூக் இடம்பெற்றிருக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதைக் காக்கிறது. உயிரற்ற பூச்சிக்கும், சட்டத்துக்குள் வைத்து ஒட்டிய இறக்கைக்கும் இதே விதிதான். பண்ணையில் வளர்த்துச் செத்த பூச்சி என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உரிய ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால், அதை மெய்ப்பிக்கும் வேலை திருச்சி விமான நிலையத்தில் உங்கள் தலையில் விழும்.

இந்தியப் பக்கத்திலும் நிலைமை இறுகியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, சைட்ஸ் பட்டியல் உயிரினங்கள் அதில் தனி அட்டவணையாகச் சேர்க்கப்பட்டன. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. கடைக்காரர் தரும் ரசீதும் அனுமதிச்சீட்டும் ஒன்றல்ல. பூச்சியின் உருவம் அச்சிட்ட பாத்திக் துணி கிடைக்கிறது. சிக்கல் இல்லாமல் பெட்டியில் வைக்கலாம்.

17. எங்கள் வீட்டு முகப்பில் ஐயா மலாயாவிலிருந்து கொண்டுவந்த சட்டம் ஒன்று தொங்குகிறது. அதில் இதே பூச்சி இருக்கிறது. அதனால் தொல்லை வருமா?

இப்படியொரு சட்டம் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பது வியப்பில்லை. விற்கவோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பவோ நினைக்காதீர்கள். வீடு கைமாறும்போது பழம்பொருள் வாங்குவோர் ரவிவர்மா படங்களோடு சேர்த்து இதற்கும் விலை பேசுவார்கள், அதற்கும் இணங்காதீர்கள். சட்டநிலை பற்றிய ஐயத்தை மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாதுகாப்பைப் பற்றி: நேரடி வெயில் படும் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள், கறுப்பு வெளிறிப் பழுப்பாகும். சட்டத்தின் அடியில் மரத்தூள்போல ஏதாவது உதிர்ந்திருந்தால், உலர்ந்த பூச்சிகளைத் தின்னும் சிறுவண்டு உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். பின்பலகையின் இடுக்குகளை அடைக்க வேண்டும். கண்ணாடியைத் திறந்து துடைக்க முயல வேண்டாம், காய்ந்த உணர்கொம்பு தொட்டாலே ஒடியும். பின்பக்கத்தில் சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காதீர்கள். அதில் பேராக் என்றோ, எஃப்.எம்.எஸ். என்றோ எழுதியிருந்தால் பூச்சியைவிட அந்தச் சீட்டுக்கே மதிப்பு அதிகம்: கூட்டு மலாய் நாடுகள் என்ற அந்த ஆட்சியமைப்பு 1896இல் ஏற்பட்டு, இரண்டாம் உலகப் போரோடு முடிவுக்கு வந்தது, ஆகவே சட்டத்தின் காலம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

18. ஆடுதின்னாப்பாளை நம் ஊரில் இருக்கிறதே, முட்டையைக் கொண்டுவந்து இங்கேயே வளர்க்க முடியாதா?

முடியாது, கூடாது. பதினாறாம் கேள்வியில் சொன்ன விதி முட்டைக்கும் புழுவுக்கும் பொருந்தும். விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ராஜா புரூக்கின் புழு தின்பது மழைக்காட்டின் பெருங்கொடிகளை. செட்டிநாட்டு வெயிலும் வறட்காற்றும் அதற்கு ஒத்துவராது. ஆடுதின்னாப்பாளையை வேலியோரம் விட்டுவைத்தால் இரண்டாம் கேள்வியில் சொன்ன ரோஸ்கள் தாமாகவே வந்து முட்டையிடும். களை என்று பிடுங்கச் சொல்லும் தோட்டக்காரரிடம் மட்டும் முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

19. மலேசியா போக வசதிப்படவில்லை. இங்கேயே இப்படிப் பெரிய பூச்சி ஏதாவது உண்டா?

உண்டு. சதர்ன் பேர்ட்விங் என்னும் தென்னிந்திய இனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கிறது. பெண்ணின் இறக்கை விரிப்பு 19 சென்டிமீட்டர் வரை போகும். அதாவது ராஜா புரூக்கைவிடப் பெரியது. 2020இல் உத்தராகண்டில் அளக்கப்பட்ட கோல்டன் பேர்ட்விங் ஒன்று 19.4 சென்டிமீட்டர் என்று வரும் வரை, இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி என்ற பெயர் இதற்கே இருந்தது. பச்சை கிடையாது, கறுப்பு முன்னிறக்கை, பொன்மஞ்சள் பின்னிறக்கை.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின், குற்றாலத்துக்கோ மேகமலைக்கோ வால்பாறைக்கோ போய், உண்ணிச்செடி பூத்திருக்கும் காட்டோரத்தில் காலையில் நில்லுங்கள். இது மண்ணில் இறங்குவதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், பூக்களைப் பாருங்கள். தேன் குடிக்கும்போதும் இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும் பூச்சி இது. பதினான்காம் கேள்வியில் சொன்ன ஷட்டர் வேகம் இங்கே இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.